முரசு கேட்ட தளபதியின் வழக்கு

கடைத்தெருவில் அந்தக் கண்ணாடிக் கடைக்குப் பெரிய பெயர்ப்பலகை இருக்கிறது. ஆனால் அதைப் படித்துவிட்டு உள்ளே வருகிறவர்கள் குறைவு. "லென்ஸ் அண்ணன் கடை எது?" என்று கேட்டால் யாரானாலும் கைகாட்டிவிடுவார்கள். சொல்லப்போனால் கடை அவருடையதே இல்லை. தங்கையும் தங்கை கணவரும் சேர்ந்து போட்ட கடை. தங்கை முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவாள். அவள் கணவர் உள்ளறையில் கண்ணைச் சோதிப்பார். கடைசி அறையில், தேய்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் லென்ஸ் அண்ணன் இருப்பார். லென்ஸை விரல் நுனியில் பிடித்து வெளிச்சத்தில் லேசாக அசைத்துப் பார்த்தே அதன் பவர் என்ன என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடுவார். மூக்கில் தடம் விழாமல், காதோரம் உறுத்தாமல் ஒரு ஃப்ரேமை வளைத்துக் கொடுக்க அவரை விட்டால் ஆளில்லை என்று பெயர். அவருக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. "ஃப்ரேம் வளைஞ்சிருக்கறதைப் பார்த்தே நீங்க எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்துப் படிக்கறீங்கன்னு சொல்லிடுவேன்" என்பார். சொல்லியும் விடுவார்.

வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. தங்கை வீட்டு மாடியில்தான் குடித்தனம். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். அது எதற்கான மாத்திரை என்று கடைத்தெருவுக்கே தெரியும். ஆனால் யாரும் வாய் திறந்து கேட்டதில்லை.

இளவயதில் அவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தார். தனியாக ஒரு வாடகை வீடு. ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. "எழுந்துட்டான். பல் விளக்கறான். இப்போ துண்டைத் தேடறான்." பந்தயத்துக்கு வர்ணனை சொல்கிற மாதிரி, அடி பிசகாமல் அவர் செய்வதையெல்லாம் அந்தக் குரல் சொல்லிக்கொண்டே வந்தது. அவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, வானொலியைக் கொஞ்சம் மெதுவாக வைக்கச் சொன்னார். அவர்கள் வீட்டில் வானொலியே இல்லை. அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. மருத்துவமனை, வேலை போனது, திரும்ப மருத்துவமனை, பிறகு சரியான மருந்து சரியான அளவில் அகப்பட்டது, தங்கை கடை போட்டது, அதில் அவர் புதிதாக ஒரு தொழில் பழகியது. வர்ணனைக்காரன் முழுசாகப் போகவில்லை. எப்போதாவது தலைகாட்டுவான். அவனோடு எப்படிப் பேச்சு வைத்துக்கொள்ளாமல் இருப்பது என்று அண்ணனுக்கு அத்துப்படி.

நோய் வந்த புதிதில் அவரை நோகடித்தது ஊசியோ மாத்திரையோ அல்ல. ஒரே ஒரு கேலிதான். "என்னப்பா, முரசு கேட்குதா?"

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்த பழைய காவியம் ஒன்றிலிருந்து வந்த கேலி அது. அதில் ஒரு தளபதி. பெரிய போரை வென்று வந்தவன். அரசன் மகிழ்ந்துபோய் வடக்குக் கோட்டைவாசலை அவன் பொறுப்பில் விடுகிறான். கொஞ்ச நாளில் தளபதிக்கு மலைக்கு அப்பாலிருந்து எதிரியின் முரசு கேட்க ஆரம்பிக்கிறது. நாளுக்கு நாள் நெருங்கி வருகிறது. ஒரு பனிக்காலத்தில், வெளியூர் போயிருந்த அவனுடைய சொந்தத் தம்பி தானிய வண்டிகளோடு திரும்பி வந்து வாசலில் நின்று கூப்பிடுகிறான். தம்பி வேடத்தில் எதிரி வந்திருக்கிறான் என்று தளபதி கதவைத் திறக்கவில்லை. விடிந்து பார்த்தால் தம்பி குளிரில் விறைத்துக் கிடக்கிறான். எதிரியும் இல்லை, முரசும் இல்லை. அரசன் தளபதியை ஊரை விட்டே துரத்துகிறான். அவ்வளவுதான் கதை. தலைமுறை தலைமுறையாக வகுப்பில் இதைப் படித்த பிள்ளைகள், யாராவது தனக்குத்தானே பேசினால், வெறித்துப் பார்த்தால், "முரசு கேட்குது" என்று சொல்லிச் சிரிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

லென்ஸ் அண்ணன் உடம்பு தேறிய பிறகு முதலில் தேடிப் படித்த புத்தகம் அதுதான். பள்ளியில் மனப்பாடப் பகுதியை மட்டும்தான் படித்திருந்தார். இப்போது முழுசாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "அடப்பாவிகளா!" என்று சத்தமாகச் சொன்னார். கீழேயிருந்து தங்கை பதறிப்போய் மாடியேறி ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்லைம்மா. புத்தகத்தைத் திட்டினேன்" என்றார் அவர்.

இது நடந்து பல வருடங்கள் கழித்து, நூலகத்திலிருந்து நூலகர் அம்மா கடைக்கு வந்தார். புதுக் கண்ணாடியில் படிக்கும்போது வரி இறங்கி ஓடுகிறது என்று புகார். அண்ணன் ஃப்ரேமைச் சூடு காட்டி வளைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"என்ன மேடம், இந்த வருஷம் நீதிமன்றத்தில யாரைக் கூண்டில ஏத்தறீங்க?"

நூலகத்தின் வாசகர் வட்டம் ஆண்டுக்கு ஒருமுறை இலக்கிய நீதிமன்றம் நடத்தும். ஏதாவது ஒரு பழைய கதாபாத்திரத்தைக் குற்றவாளியாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பேசுவார்கள். நீதிபதி தீர்ப்புச் சொல்வார். கூட்டம் அள்ளும்.

"தளபதிதான்" என்றார் நூலகர் அலுப்போடு. "குற்றம் சாட்ட வெண்கலத்தொண்டை வக்கீல் வர்றார். அதனால எதிர்த்துப் பேச ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க. அந்தாளுக்கு முரசு கேட்டுச்சு, தம்பியைக் கொன்னான், இதில என்னத்தை வாதாடறதுன்னு கேட்கறாங்க."

அண்ணன் ஃப்ரேமைக் கீழே வைத்தார். "நான் பேசறேன்."

நூலகர் பார்த்துப் பார்த்து வார்த்தை எடுத்தார். "இல்லைங்கண்ணா... கூட்டத்தில சிரிப்பாங்க. நீங்க மனசு கஷ்டப்படக் கூடாது."

"சிரிக்கட்டுமே. சிரிச்சா பல்லு தெரியும். பல்லு வைத்தியருக்கு வியாபாரம். நமக்கென்ன நஷ்டம்?" என்றார் அவர். "கண்ணாடியைப் போட்டுப் பாருங்க. இப்போ வரி நேரா ஓடுதா?"

நேராகத்தான் ஓடியது. நூலகர் சிரித்துவிட்டார். விளம்பரத்தில் பெயர் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். அண்ணன் போடச் சொல்லிவிட்டார்.

தங்கைக்கு விஷயம் விளம்பரத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. கடையை அடைத்து வீட்டுக்கு வந்து, சோற்றைப் பரிமாறிவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையா அண்ணா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா, சொல்லியிருப்பேன். இப்பவும் அதைத்தான் சொல்றேன். கண்ணு விஷயத்தில நம்பி நம்மகிட்ட வர்றாங்க. நாளைக்கு மேடையில நின்னு நீ எல்லாத்தையும் போட்டு உடைச்சா, யார் வருவா?"

"எனக்கு என்னன்னு இங்க யாருக்குத் தெரியாது?"

"தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்காங்க பாரு, அது ஒரு மரியாதை. அதைக் கெடுத்துக்காதே."

அவள் கணவர் சோற்றைப் பிசைந்தபடியே, "மச்சான் நல்லாத்தானே பேசுவார்..." என்று ஆரம்பித்தார். தங்கை திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

லென்ஸ் அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. தங்கையின் பயம் வெறும் மானப் பிரச்சினை இல்லை என்று அவருக்குத் தெரியும். அந்தக் கடையைத் தூக்கி நிறுத்த அவள் பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவர். இருந்தாலும் அவர் அசையவில்லை.

"அந்த ஆளுக்காக இதுவரைக்கும் ஒருத்தரும் பேசலைம்மா" என்றார். "அவன் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. ஒருநாள் நான் அவனுக்காகப் பேசினா என்ன குறைஞ்சு போகும்?"

"நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

வழக்கு நாளன்று நூலகக் கூடத்தில் உட்கார இடமில்லை. புத்தக அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். பின்வரிசைக்குப் பின்னாலும் நின்றுகொண்டிருந்தார்கள். நீதிபதி இருக்கையில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. ஓய்வு பெற்றும் குரல் ஓய்வு பெறவில்லை. "அமைதி" என்று அவர் ஒரு முறை சொன்னதும் கூடத்தில் பாதிப் பேர், பழைய மாணவர்கள்தானே, தங்களை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வெண்கலத்தொண்டை வக்கீல் எழுந்தார். மனுஷன் சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாகப் பேசினார். இந்தத் தளபதி தினமும் படையை அணிவகுக்க வைத்திருக்கிறான், காவலை மாற்றியிருக்கிறான், சம்பளம் பிசகாமல் கொடுத்திருக்கிறான், அரசனோடு சதுரங்கம் ஆடி ஜெயித்திருக்கிறான் என்று ஒவ்வொன்றாகக் காவியத்திலிருந்தே எடுத்துப் போட்டார். "இத்தனையும் தெளிவா செய்யத் தெரிஞ்சவனுக்கு, தம்பி வந்து கதவைத் தட்டறப்ப மட்டும் புத்தி கலங்கிடுமா? வசதியான பைத்தியமா இருக்கே!" என்றார். கூடம் சிரித்தது. "சாட்சி சொல்ல முடியாம வாசல்ல செத்துக் கிடக்கானே தம்பி, அவன் சார்பா நான் கேட்கிறேன், கனம் நீதிபதி அவர்களே. முரசு கேட்டுச்சாம், முரசு!" என்று மேசையை உள்ளங்கையால் தாளம் போட்டுத் தட்டினார். டம், டம், டம். முன்வரிசை ஆட்கள் தொடையில் தட்டிச் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் கூடமே தட்டியது.

அந்தச் சத்தத்துக்குள்தான் வர்ணனைக்காரன் வந்தான். பல மாதமாக வராதவன்.

"இப்போ எழுந்துக்கப் போறான்" என்றான் அவன். லென்ஸ் அண்ணனின் வலது காதுக்குப் பின்னாலிருந்து, தெள்ளத் தெளிவாக. "எழுந்து உளறப் போறான். எல்லாரும் பார்க்கப் போறாங்க."

அண்ணன் பழகிய வேலையைச் செய்தார். முதலில் வலப்பக்கம் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்த பெண்மணி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் திரும்பினார். அங்கேயும் ஒருவரும் தலையைத் திருப்பவில்லை, முகம் சுளிக்கவில்லை. சரி, இது நம் சரக்குதான், வெளிச்சரக்கு இல்லை என்று முடிவு கட்டினார். அப்படித் திரும்பியபோதுதான் கதவோரம் தங்கை நிற்பதைப் பார்த்தார். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் ஓடி வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போகத் தயாராக நின்றிருந்தாள்.

நீதிபதி கூப்பிட்டார். அவர் எழுந்து மேடைக்குப் போனார். கையில் குறிப்பு எதுவும் இல்லை.

"வக்கீல் சார் சொன்ன எல்லாமே காவியத்தில இருக்கு. ஒண்ணுகூடப் பொய்யில்லை" என்று ஆரம்பித்தார். "சதுரங்கத்தில ஜெயிச்சான், நிஜம். சம்பளம் கொடுத்தான், நிஜம். அதெல்லாம் செய்யறவனுக்கு முரசு கேட்காதுன்னு சார் சொல்றார். அதுமட்டும்தான் தப்பு."

வக்கீல் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கினார். அந்த நீதிமன்றத்தில் இடைமறித்துக் கேட்கலாம். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க என்ன, கூட இருந்து கேட்டீங்களா?"

வழக்கமான மேடை வெடிதான். கூடம் சிரிக்க வாயைத் திறந்தது. திறந்த வாய்கள் பாதியில் நின்றன. கேட்டது யாரிடம் என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது. வக்கீலுக்கும் உறைத்திருக்க வேண்டும். தூக்கிய கை மெதுவாக இறங்கியது.

"கேட்டேன் சார்" என்றார் லென்ஸ் அண்ணன், சாதாரணமாக. "எனக்கு முரசு இல்லை. ஒரு ஆம்பளைக் குரல். நான் செய்யறதையெல்லாம் சொல்லுவான். பல் விளக்கறான், சட்டை போடறான்னு. எங்க ஆபீஸ்ல என் மேலதிகாரிகூட என்னை அவ்வளவு உன்னிப்பா கவனிச்சதில்லை."

எங்கோ ஒருவர் சிரித்தார். நல்ல சிரிப்பு அது. கூடம் மூச்சு விட்டது.

"அப்பவும் நான் வேலைக்குப் போனேன். கோடு பிசகாம வரைபடம் வரைஞ்சேன். காய்கறி பேரம் பேசி வாங்கினேன். பைத்தியம்னா இருபத்து நாலு மணி நேரமும் சட்டையைக் கிழிச்சுக்கணும்னு நாடகத்தில பார்த்துப் பழகிட்டோம். அப்படியில்லை. ஒரு கண்ணாடியில ஒரே ஒரு இடத்தில கீறல் இருக்கும். மத்த இடத்தில எல்லாம் உலகம் பளிச்சுன்னுதான் தெரியும். அதனாலதான் அந்தக் கீறலையும் உலகம்னு நம்பிடறோம். இப்பகூடக் கேட்டுச்சு. வக்கீல் சார் மேசையைத் தட்டினார் பாருங்க, அப்போ. நான் உளறப் போறேன்னு சொன்னான். நான் சுத்திப் பார்த்தேன். உங்களில யாரும் திரும்பலை. சரி, இது என் தலைக்குள்ள இருக்கறவன்தான்னு தெரிஞ்சுக்கிட்டு வந்து நிக்கறேன். உளறினா நீதிபதி அம்மா மணி அடிக்கட்டும்."

தலைமையாசிரியை மணியைத் தொடவில்லை. கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்போ தளபதிக்கு வருவோம். அவனும் இதேதான் செஞ்சான். முரசு கேட்டதும் கதவைச் சாத்தலை. முதல்ல ஒற்றர்களைக் கூப்பிட்டான். 'உங்களுக்குக் கேட்குதா?'ன்னு கேட்டான். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பெரிய போரை ஜெயிச்சவன், எனக்குச் சந்தேகமா இருக்கு, நீங்களும் கேட்டுச் சொல்லுங்கன்னு கேட்கிறான். அது புத்தி கெட்டவன் செய்யற வேலையா? அந்த ஒற்றர்கள் என்ன சொன்னாங்க? பள்ளிக்கூடத்தில இந்த இடத்தை நமக்கு வைக்கலை. நான் சொல்றேன். 'ஆமாம் தளபதி, கேட்கிறது. மெல்லியதாகக் கேட்கிறது.' அப்படிச் சொன்னாங்க. ஒருத்தன் விடாம. அவன் முகத்துக்கு நேரா இல்லைன்னு சொல்ல பயம். அரசன்கிட்டப் போய்ச் சொல்லவும் பயம். வெளியில வந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்கிட்டாங்க. அதுவும் காவியத்தில இருக்கு."

அவர் நீதிபதி பக்கம் திரும்பினார். கதவுப் பக்கம் பார்க்கவில்லை.

"என் கதை வேற மாதிரி போச்சு. நானும் கதவைச் சாத்தினேன். பீரோவை நகர்த்தி முட்டுக் கொடுத்து உள்ளே உட்கார்ந்துட்டேன். வெளியில என் தங்கச்சி. அப்பதான் கல்யாணமாகி வந்தவ. அந்தக் குரல் உனக்கும் கேட்குதான்னு உள்ளேயிருந்து கத்தினேன். கேட்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உடனே கதவைத் திறந்திருப்பேன். அவளுக்கும் அது தெரியும். ஆனா அவ சொன்னா: 'அண்ணா, எனக்குக் கேட்கலை. உனக்குக் கேட்குதுன்னு நம்பறேன். ஆனா எனக்குக் கேட்கலை.' நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவ போகலை. திரும்பத் திரும்ப அதையே சொன்னா. அப்புறம் மாப்பிள்ளையை விட்டுக் கடப்பாரை வாங்கிட்டு வரச்சொல்லி, கதவை உடைச்சு, என்னை வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. மாப்பிள்ளை கடப்பாரையை முதல்ல தன் கால் மேலதான் போட்டுக்கிட்டார். அதனால அன்னைக்கு ஆஸ்பத்திரியில ரெண்டு பேர் சேர்ந்தோம்."

இந்த முறை கூடம் வாய்விட்டுச் சிரித்தது. கூட்டத்தில் எங்கோ இருந்த மாப்பிள்ளையும் வெட்கத்தோடு சிரித்தார்.

"அந்தக் கோட்டையில அப்படி ஒருத்தர் இல்லை, கனம் நீதிபதி அவர்களே. எனக்குக் கேட்கலைன்னு சொல்ல ஒருத்தர். கதவை உடைக்க ஒருத்தர். தளபதி வியாதிக்காரன். அவனைச் சுத்தி இருந்தவங்க நல்ல தெளிவா இருந்தவங்க. நான் அவங்களைத்தான் கூண்டில ஏத்தச் சொல்றேன்."

கைதட்டல் ஓய்ந்ததும் வக்கீல் எழுந்தார். இப்போது குரலில் வெண்கலம் இல்லை. "ஒரே கேள்விதான். செத்துப்போன தம்பிக்கு நீங்க என்ன பதில் சொல்றீங்க?"

நேர்மையான கேள்வி. அண்ணன் யோசித்தார்.

"என்கிட்ட பதில் இல்லை சார்" என்றார். "தளபதிகிட்டயும் இருந்திருக்காது. விடிஞ்சதும் தம்பியைத் தோள்ல தூக்கிட்டு ஊரைச் சுத்தி வந்தான்னு இருக்கு. வேற என்ன செய்ய முடியும்?"

வக்கீல் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். வாதத்தில் கடைசிப் புள்ளி அவருக்குத்தான் என்று கூடத்துக்குத் தெரிந்தது. அண்ணனுக்கும் தெரிந்தது. அவருக்கு அது பெரிதாகப் படவில்லை.

தலைமையாசிரியை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். தம்பியைத் தெரிந்தே கொன்றான் என்ற குற்றம் நிரூபிக்கப்படவில்லை. தம்பியின் சாவுக்கு, உண்மையை மறைத்த ஒற்றர்களும் விசாரிக்காத அரசனும் பொறுப்பு. "தளபதி தண்டனைக்கு உரியவன் இல்லை. இரக்கத்துக்கு உரியவன். காவல் பொறுப்புக்குத் தகுதியற்றவன்."

கைதட்ட எல்லாரும் கையைத் தூக்கியபோது லென்ஸ் அண்ணன் எழுந்து நின்றார். "அம்மா, ஒரு திருத்தம்."

"தீர்ப்புக்கு அப்புறம் பேசக்கூடாது" என்றார் தலைமையாசிரியை, வகுப்புக் குரலில்.

"தெரியும்மா. ஒரே வார்த்தைதான். தகுதியற்றவன்னு மொட்டையா சொன்னீங்க. 'அன்று' தகுதியற்றவன்னு போட்டுக்கலாம். காய்ச்சல் வந்த அன்னைக்கு யாரும் வேலைக்குப் போக வேண்டாம். அதுக்காகக் காய்ச்சல் விட்டப்புறமும் இவன் எதுக்கும் லாயக்கில்லைன்னு எழுதி வெச்சுட்டா, நான் இந்த வழக்கில ஜெயிச்சதுக்கே அர்த்தமில்லை. அப்புறம், இரக்கம் வேண்டாம்மா. அதை எடுத்துடுங்க. அது அவனுக்கு ஏற்கெனவே நிறையக் கிடைச்சாச்சு."

தலைமையாசிரியை அவரைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வாழ்நாளில் எத்தனையோ எதிர்ப்பேச்சைக் கேட்டு அடக்கியவர். பிறகு, "சரி. 'அன்று' சேர்க்கப்படுகிறது. இரக்கம் நீக்கப்படுகிறது. உட்காரலாம்" என்றார். அதற்குத்தான் அன்றைக்கு அதிகமாகக் கைதட்டினார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது தங்கை அண்ணனோடு சேர்ந்து நடந்தாள். மாப்பிள்ளை நிலைமையைப் புரிந்துகொண்டு நாலடி முன்னால் நடந்தார். தெருமுனை திரும்பியதும் அவள் ஆரம்பித்தாள்.

"நான் அப்படி ஒண்ணும் தைரியமா சொல்லலை."

"எப்படி?"

"எனக்குக் கேட்கலைன்னு. மேடையில நீ என்னமோ நான் வீராங்கனை மாதிரி சொல்றே. நான் அழுதுக்கிட்டேதான் சொன்னேன். கேட்குதுன்னு சொல்லிடலாமான்னு எத்தனை தடவை நினைச்சேன் தெரியுமா? சொன்னா நீ திறந்துடுவே. அப்புறம் வாழ்நாள் பூரா என்னை நம்பமாட்டே."

அவர் நடந்துகொண்டே அவளைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்த நாளைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவரிடம் கேட்க வேண்டாம் என்று அவள் இருந்தாள். அவளை நோகடிக்க வேண்டாம் என்று அவர் இருந்தார்.

"அழுகைச் சத்தம் உள்ளே கேட்கலைம்மா" என்றார். "பீரோ மறைச்சிருக்கும்."

"நல்லவேளை" என்று அவள் மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்குக் கடையில ஈ ஓட்டினா, நீதான் பொறுப்பு."

மறுநாள் கடையில் ஈ ஓட்டவில்லை. நேற்றுக் கேட்டவர்கள் சிலர் சும்மாவே எட்டிப் பார்த்துக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். தங்கை பயந்ததும் நடக்காமல் இல்லை. முற்பகலில் ஒருவர் வந்தார். வாரக்கணக்காக ஃப்ரேம் தேர்ந்தெடுத்து, முந்தின வாரம்தான் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டுப் போனவர். முன்மேசையில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. என் கண்ணாடியை மட்டும் உங்க வீட்டுக்காரரை விட்டுச் செய்யச் சொல்ல முடியுமா? கண்ணு பாருங்க. பயமா இருக்கு."

கடைசி அறையில் லென்ஸ் அண்ணனுக்கு அது கேட்டது. இயந்திரத்தை நிறுத்தினார். எழுந்துபோய், சரி, மாப்பிள்ளையே செய்யட்டும் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அவள் கடை அது. ஒரு வாடிக்கையாளர் போனால் அவளுக்குத்தான் நஷ்டம். அதற்குள் தங்கையின் குரல் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"இந்தக் கடையில லென்ஸ் பொருத்தறது எங்க அண்ணன் மட்டும்தான் சார். எங்க வீட்டுக்காரர் செஞ்சா உங்களுக்கு ரெண்டு நிலா தெரியும். அண்ணன் செய்யறது பிடிக்கலைன்னா முன்பணத்தைத் திருப்பித் தந்துடறேன். தெருக்கோடியில இன்னொரு கடை இருக்கு, அவங்களும் நல்லவங்கதான்."

வந்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரவேயில்லை. உள்ளறையிலிருந்து மாப்பிள்ளை, "ரெண்டு நிலாவா?" என்று கேட்டார். தங்கை அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டாள்.

சாயங்காலம் ஒரு பெண் வந்தார். கடைக்குப் புதியவர். சோதனை நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். பார்வையில் ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை அதைச் சொன்ன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. விஷயம் புரிந்து மாப்பிள்ளை லென்ஸ் அண்ணனைக் கூப்பிட்டார்.

"நேத்து நூலகத்தில நானும் இருந்தேங்க" என்றார் அந்தப் பெண், கைக்குட்டையைச் சுருட்டியபடி. "எங்க வீட்டுக்காரருக்கு... கொஞ்ச நாளா ஜன்னலைத் திறக்க விடமாட்டேங்கறார். எதிர்வீட்டிலேருந்து பேசறாங்கன்னு சொல்றார். நானும் ஆமான்னு சொல்லிட்டு இருக்கேன். சண்டை வேண்டாமேன்னு. நேத்து நீங்க பேசினதிலேருந்து எனக்குத் தூக்கமே இல்லை."

அண்ணன் நல்ல டாக்டர் பெயரைச் சொன்னார். அந்த மருத்துவமனையில் எந்த வாசலில் போய் யாரைக் கேட்க வேண்டும் என்று சொன்னார். மருந்து ஆரம்பித்தால் முதலில் தூக்கம் அமுக்கும், நாக்கு வறளும், பயந்து பாதியில் நிறுத்த விடக்கூடாது என்றும் சொன்னார். தனக்கும் குணமாக நாளானது, ஆனால் ஆனது என்றார். அதற்குமேல் சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார். இந்தப் பெண் தெரிந்துகொள்ள வேண்டியது அவரிடம் இல்லை. குரல் கேட்பவன் பக்கம்தான் அவருக்குத் தெரியும். கேட்காதவர்கள் கதவுக்கு வெளியே எப்படி நின்றார்கள் என்பதை நேற்றுத் தெருமுனையில்தான் அவரே முதல்முறை கேட்டிருந்தார்.

முன்மேசைப் பக்கம் தலையை நீட்டினார். "இங்க வாயேன்மா. இவங்களோட நீதான் பேசணும்."

தங்கை மேசையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். என்ன, ஏது என்று கேட்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"முதல்ல சொல்லுங்க, காலையிலேருந்து நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அந்தப் பெண் இல்லை என்று தலையசைத்தார். மாப்பிள்ளை எதிர்க்கடைக்குத் தேநீர் சொல்லப் போனார். லென்ஸ் அண்ணன் தன் அறைக்குத் திரும்பி, மறுநாள் காலை கொடுக்க வேண்டிய லென்ஸ் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.